பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் உள்ளே விடாத லாகின் திரை

எஸ்எஸ்டி மாற்றிக்கொண்டு வந்த லினக்ஸ் கணினி லாகின் திரையிலேயே சுற்றிக்கொண்டிருந்தால், யார் சொன்னாலும் ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். எனக்கும் கடையில் அதைத்தான் சொன்னார்கள்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் டிடிபி வேலை செய்கிறேன். கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட். ஹார்டு டிஸ்க் மெதுவாகிவிட்டதால் புதுச்சேரியில் ஒரு கடையில் எஸ்எஸ்டி போடக் கொடுத்தேன். "பழசுல இருக்கிறதெல்லாம் அப்படியே காப்பி பண்ணித் தந்துடுறோம்க்கா" என்றார்கள். புதிதாக மின்ட் நிறுவி, என் பெயரில் பயனர் கணக்கு உருவாக்கி, உள்ளே போவதைச் சோதித்துவிட்டு, அதற்கு அப்புறம் என் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் பழைய ஹோம் ஃபோல்டரைக் காப்பி செய்திருக்கிறார்கள். காப்பி செய்த பிறகு யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து பாஸ்வேர்டு அடித்தால் திரை ஒரு நொடி கறுப்பாகிறது, மறுபடியும் அதே லாகின் திரை. 'தவறான கடவுச்சொல்' என்று ஒரு வரிகூட வரவில்லை. இதைக் கவனியுங்கள். பாஸ்வேர்டு தப்பு என்றால் லாகின் திரை சொல்லிவிடும். சொல்லாமல் திருப்பி அனுப்பினால், பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டுவிட்டது, டெஸ்க்டாப்தான் திறக்க முடியாமல் விழுகிறது என்று பொருள். (தமிழில் தட்டச்ச தமிழ்99 வைத்திருப்பவர்கள் மட்டும், திரை ஓரத்தில் விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.)

கடைக்குப் போன் செய்தால், "கிராபிக்ஸ் டிரைவர் பிரச்சனையா இருக்கும், எடுத்துட்டு வாங்க." கணினியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, அரியாங்குப்பம் நெரிசலில் நின்று, போய்ச் சேர்ந்தால் ஷட்டர் மூடியிருந்தது. புதுச்சேரியில் பல கடைகள் மதியம் மூடி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். போனில் பேசியவர் அதைச் சொல்லியிருக்கலாம். காத்திருந்து உள்ளே போனதும் கிடைத்த பதில்: "லினக்ஸ்லாம் இப்படித்தான்க்கா பண்ணும். ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் போட்டுடலாமா?" கணினியை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

நண்பர் ஒருவர் லைட்டிஎம்மை (LightDM) நீக்கிவிட்டு ஜிடிஎம் (GDM) போடச் சொன்னார். இரண்டுமே லாகின் திரையைக் காட்டும் நிரல்கள். லாகின் திரை பற்றிய யோசனைகளில் குழப்பம் அதிகம். மின்ட்டுக்கு அடிப்படையான உபுண்டு 2011இல், 11.10 பதிப்பில் லைட்டிஎம்முக்கு வந்தது, 2017இல், 17.10 பதிப்பில் ஜிடிஎம்முக்குத் திரும்பிவிட்டது. மின்ட் லைட்டிஎம்மிலேயே இருக்கிறது. உங்களிடம் எது ஓடுகிறது என்று தெரியாமல் எந்த யோசனையையும் முயலாதீர்கள். இடிசி ஃபோல்டருக்குள் எக்ஸ்11, அதற்குள் டீஃபால்ட்-டிஸ்ப்ளே-மேனேஜர் என்ற கோப்பைத் (/etc/X11/default-display-manager) திறந்தால் ஒரே வரியில் பதில் இருக்கும்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால், கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரை வரும். மடிக்கணினியில் எஃப்என் விசையையும் சேர்க்க வேண்டியிருக்கலாம். எஃப்2வுக்குப் பதில் எஃப்7 போட்டால் மின்ட்டில் லாகின் திரைக்குத் திரும்பலாம். அதே பாஸ்வேர்டில் கறுப்புத் திரைக்குள் உடனே போய்விட்டேன். டிஸ்க் நிரம்பினாலும் இதே கோளாறு வரும் என்பதால் 'டிஎஃப் -எச்' (df -h) அடித்துப் பார்த்தேன். இடம் தாராளமாக இருந்தது.

அடுத்து ஃபோல்டர்களைப் பட்டியலிட்டதும் வயிற்றைக் கலக்கியது. ஆவணங்கள், படங்கள் என்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. காப்பியில் எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன். அப்படியில்லை. அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் எழுத்துரு கிடையாது, அவ்வளவுதான். யாரும் இதைப் பார்த்துப் பயந்து எதையும் அழித்துவிட வேண்டாம்.

சோதனைக்காக 'சூடோ ஆட்யூசர்' (sudo adduser), கூடவே ஒரு புதுப் பெயர் கொடுத்து இன்னொரு பயனரை உருவாக்கி, லாகின் திரையில் அந்தப் பெயரில் போனேன். டெஸ்க்டாப் அழகாகத் திறந்தது. அப்போது டிரைவரும் நல்லது, லைட்டிஎம்மும் நல்லது. கோளாறு என் ஹோம் ஃபோல்டரில் மட்டும்தான். ஃபார்மேட் யோசனைக்கு முன்னால் யாராக இருந்தாலும் இந்த ஒரு சோதனையைச் செய்திருக்க வேண்டும்.

'எல்எஸ் -எல்' (ls -l) அடித்ததும் குட்டு வெளிப்பட்டது. ஒவ்வொரு கோப்புக்கு நேராகவும் உரிமையாளர் ரூட், குழு ரூட். ரூட் என்பது கணினியின் தலைமை நிர்வாகிக் கணக்கு. கடையில் ரூட்டாக இருந்து காப்பி செய்ததில், என் வீட்டுப் பட்டா மொத்தமும் ரூட் பெயருக்கு மாறிவிட்டது. லாகின் ஆகும்போது என் ஹோமில் எக்ஸ்-அத்தாரிட்டி (.Xauthority) என்ற மறைவுக் கோப்பை எழுத வேண்டும். எழுத முடியவில்லை, அதனால் வெளியே தள்ளுகிறது. லைட்டிஎம்மின் லாக் கோப்பிலும் அனுமதி மறுப்பு என்றுதான் பதிவாகியிருந்தது. அந்த எக்ஸ்-அத்தாரிட்டி கோப்பை அழித்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். ஃபோல்டரே ரூட்டுடையது என்கிறபோது அழிக்கவும் விடாது.

தீர்வு ஒரே வரி. 'சூடோ சௌன் -ஆர்' (sudo chown -R, ஆர் பெரிய எழுத்து), இடைவெளி, பயனர் பெயர், முக்காற்புள்ளி, மறுபடி பயனர் பெயர், இடைவெளி, ஸ்லாஷ் ஹோம் ஸ்லாஷ் பயனர் பெயர். இந்தக் கடைசிப் பகுதிக்குள் எங்கும் இடைவெளி விழக் கூடாது. முதல் ஸ்லாஷுக்குப் பின்னால் ஒரு இடைவெளி விழுந்தால் கணினி முழுவதன் உரிமையும் மாறிப்போகும், அதற்கப்புறம் நிஜமாகவே மறுபடி நிறுவ வேண்டியதுதான். எல்லாவற்றுக்கும் 777 (யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம்) அனுமதி கொடு என்பவர்களையும் கேட்காதீர்கள். மாற வேண்டியது உரிமையாளர்.

எஃப்7, பாஸ்வேர்டு, என்டர். என் பழைய வால்பேப்பர் வந்தது. கட்டமாகத் தெரிந்த ஃபோல்டர்கள் எல்லாம் தமிழிலேயே இருந்தன.

கடைக்காரரிடம் போனில் சொன்னேன்: ரூட்டாக இருந்து காப்பிக்கான 'சிபி' (cp) கொடுக்கும்போது '-ஏ' (-a) சேர்த்தால் உரிமையாளர் விவரமும் கூடவே வரும். "ஓகேக்கா" என்றார். பழைய ஹார்டு டிஸ்க்கைக் கேட்டதற்கு மட்டும், "அதை யாரும் திரும்பக் கேட்க மாட்டாங்களே" என்று இழுத்தார். விடாமல் கேட்டு வாங்கினேன். நீங்கள் அது கைக்கு வரும்வரை பில்லுக்கு முழுப் பணம் கொடுக்காதீர்கள்.