இரும்புச் சட்டியும் எல்லைச் சமாதானமும்

சீனப் பெருஞ்சுவர் என்றதும் பலருக்குப் படையெடுப்புகள் நினைவுக்கு வரும். எனக்கோ அதையொட்டி நடந்த சந்தைகளே சுவையானவை. ஆண்டுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர் மழை பெய்யும் எல்லையை ஏறத்தாழ ஒட்டிச் செல்லும் அச்சுவருக்குத் தெற்கே உழவு செழித்தது. வடக்கே புல்வெளியில் குதிரையும் ஆடும் பெருகினாலும், தானியமும் துணியும் சமையல் பாத்திரமும் வெளியிலிருந்துதான் வரவேண்டியிருந்தன. வணிகத்துக்கு அனுமதி கேட்டுப் பலமுறை தூதனுப்பியும் அப்போது சீனாவை ஆண்ட மிங் அரசு மறுத்துவிட்டதால், மங்கோலியத் தலைவர் அல்தான் கான் 1550இல் பெய்ஜிங்கின் புறநகர் வரை வந்து சூறையாடினார்.

1570இல் அவருடைய பேரன் குடும்பச் சண்டையில் கோபித்துக்கொண்டு மிங் பக்கம் போய்ச் சேர, அவனை மரியாதையாக வைத்திருந்து திருப்பியனுப்பியதே சமாதானத்துக்கு வழிவிட்டது. (பேரரசுகளின் போக்கையும் வீட்டுப் பிணக்கு மாற்றிவிடுகிறது!) மறு ஆண்டே அல்தானுக்குப் பட்டம் வழங்கப்பட்டு, ஜாங்ஜியாகோ உள்ளிட்ட எல்லை ஊர்களில் குதிரைச் சந்தைகள் திறக்கப்பட்டன. மங்கோலியர் மிகவும் விரும்பிக் கேட்ட பொருள்களில் ஒன்று இரும்புச் சட்டி. அதை உருக்கி ஆயுதம் வார்த்துவிடுவார்களோ என்று அஞ்சிய அதிகாரிகள், குதிரைகளைத் தயங்காமல் வாங்கிக்கொண்டு, சட்டி விற்பனைக்கு மட்டும் கட்டுப்பாடு விதித்தார்கள்.