புது டயர் போட்ட மறுநாளே மலையேறக் கிளம்பாதீர்கள்

முழங்கைக் காயம் காய்ந்து தோல் உரிகிறது. வலி போய்விட்டது, கோபம்தான் போகவில்லை. டயர் கடையில் அரை நிமிஷம் செலவழித்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் விழுந்திருக்கவே மாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது பல்சர் 150. பின் டயர் நடுவில் பட்டை தேய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஏற்காடு போகலாம் என்று பேச்சு. சேலம் பக்கத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு. தேய்ந்த டயரோடு ஏற பயமாக இருந்ததால் சனிக்கிழமை சாயங்காலமே புது டயர் போட்டுவிட்டேன். 100/90-17, டியூப்லெஸ், 2,400 ரூபாய். வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பார்த்தேன் (பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம்). நான்கு மாசம் பழசு, சரி. புது வால்வு, பேலன்சிங் எல்லாம் முடிந்தது. இதோடு நம் கவனம் தீர்ந்தது என்று நினைத்து, கடை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வரும்போது டயர் நனைந்த கருங்கல் மாதிரி மின்னியது. கடைப் பையன், "பாலீஷ் அடிச்சிருக்கேன்ணா, காசு வேண்டாம்" என்றான். எனக்கும் சந்தோஷம்தான்.

காலையில் லேசாகத் தூறல். அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் வேகம் 30-க்குக் கீழேதான் இருக்கும். சுற்றி வர வண்டியை வலப்பக்கம் சாய்த்தேன். பின் சக்கரம் சத்தமே இல்லாமல் இடப்பக்கமாக விலகிப் போனது. பிரேக் பிடிக்கவில்லை, ஆக்சிலேட்டர் முறுக்கவில்லை. அடுத்த நொடி தரையில் கிடந்தேன். பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் இடைவெளி விட்டு வந்ததால் பிழைத்தேன். அவருக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

டீக்கடை அண்ணன் ஒருவர் ஓடி வந்து வண்டியைத் தூக்கினார். தூக்கியவர் கையை லுங்கியில் துடைத்துவிட்டு, "தம்பி, டயர்ல என்ன இப்படி எண்ணெயா இருக்கு?" என்றார். நான் விரலால் தடவிப் பார்த்தேன். நடுப்பட்டை சொரசொரப்பாக, மங்கலாக இருந்தது. வீட்டிலிருந்து வந்த தூரம் அதைத் தேய்த்திருக்கிறது. அதற்கு இரண்டு பக்கமும் பளபளவென்று வழுவழுப்பு. விரல் நுனியில் கறுப்பாக ஒரு பிசுக்கு ஒட்டியது. முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் நரம்புகூட ஓரத்தில் மடங்காமல் நின்றது. அந்த ஓரம் அதுவரை தரையையே தொட்டதில்லை. முதல் தடவை தொட்டது ஈரத் தார் ரோட்டில், நான் சாய்ந்தபோது.

சேதம்: வலது முழங்கை, வளைந்த பிரேக் பெடல், கீறல் விழுந்த சைலன்சர். கிராஷ் கார்டு இல்லையென்றால் காலும் போயிருக்கும்.

அன்றைக்கே கடைக்குப் போனேன், ஞாயிறு என்று பூட்டியிருந்தது. திங்கட்கிழமை ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். முதலாளி டயரைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "மழையில வழுக்கத்தான் செய்யும் தம்பி, அதுக்கு டயர் என்ன பண்ணும்?" "பாலீஷ் அடிச்சது யாருங்க?" என்று கேட்டேன். "எல்லாருமே அடிச்சுக் குடுன்னுதான் கேக்கறாங்க" என்றார். நான் கேட்கவில்லை என்றேன். அதற்குப் பதில் இல்லை. வெளியே வந்ததும் பையன் பின்னாலேயே வந்து, "சைடுல மட்டும்தாண்ணா அடிப்போம். அன்னிக்குக் கூட்டம், ஸ்ப்ரே ஓரத்துல பட்டிருக்கும்" என்று மெதுவாகச் சொன்னான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

அதோடு முடியவில்லை. பிரேக் பெடலை நிமிர்த்த எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "அம்புக்குறியப் பாத்தியா?" என்றார். டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்பு போட்டிருக்கும். என் டயரில் அது பின்னோக்கி இருந்தது. தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள்! டயரில் வெட்டியிருக்கும் பள்ளக் கோடுகளைத் தண்ணீரை வெளியே தள்ளுவதற்கென்றே ஒரு திசையில் அமைத்திருப்பார்கள், தூறலில் இதுவும் உதவியிருக்காது என்றார். காற்று அழுத்தம் பார்த்தால் 40 பிஎஸ்ஐ. டயர் ரிம்மில் 'டப்' என்று உட்கார அதிகமாக அடிப்பார்கள், அது சரிதான். உட்கார்ந்த பிறகு குறைக்க வேண்டும், மறந்துவிட்டார்கள். என் வண்டிக்குப் பின்னால் தனியாகப் போனால் 28, ஆள் உட்கார்ந்தால் 32. நாற்பதில் டயர் விறைத்து, தரையில் படியும் பரப்பு சுருங்கிவிடும். பாலீஷ், அம்பு, காற்று என்று ஒரே டயரில் மூன்று.

மறுபடி கடைக்கு. இந்தத் தடவை அம்பைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனேன். நான்கைந்து வாடிக்கையாளர்கள் நிற்கும்போது முதலாளியிடம் நீட்டினேன். அவர் வாயே திறக்காமல் கழற்றித் திருப்பி மாட்டச் சொன்னார், பேலன்சிங்கும் காசு வாங்காமல் செய்தார்கள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன், பையன் பாலீஷ் டப்பாவைத் தொடவில்லை. மாட்டிய பிறகு பின் பிரேக் ராடு நட்டைச் சரிசெய்யாமல் விடப் பார்த்தார்கள், அதையும் கேட்டு வாங்கினேன். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் டிரம் பிரேக்கும் செயின் தளர்வும் மாறும். டிஸ்க் பிரேக் என்றால் கிளம்புவதற்கு முன் பெடலை நாலு தடவை அமுக்கிப் பாருங்கள், முதல் மிதியில் ஒன்றும் பிடிக்காமல் போகலாம்.

இனி பாலீஷ் இல்லாத புது டயருக்கும் பொருந்தும் விஷயம். அச்சில் வெந்து வரும் ரப்பரின் மேல்தோல் வழுவழுவென்றுதான் இருக்கும். அச்சிலிருந்து சுலபமாகக் கழல ஏதாவது தடவியிருந்தால் அதுவும் ஒட்டியிருக்கலாம். அந்தத் தோல் ரோட்டில் உரசித் தேய்ந்தால்தான் பிடிப்பு வரும். டயர் கம்பெனிகள் பொதுவாகச் சொல்வது முதல் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். நேர் ரோட்டிலேயே அந்த 160-ஐ ஓட்டித் தீர்த்தால் நடுப்பட்டை மட்டும்தான் பழகும், ஓரம் முதல் நாள் மாதிரியே இருக்கும். காய்ந்த ரோட்டில், தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இன்னொன்று எனக்குத் தெரியாமலே நடந்தது. பழைய டயர் நடுவில் தட்டையாகியிருந்ததால், வண்டியைச் சாய்க்க இரண்டு வருஷமாக நான் சற்று அழுத்தித் தள்ளியே பழகியிருக்கிறேன். புது டயர் உருண்டை. அதே அழுத்தம் கொடுத்தால் நினைத்ததைவிட அதிகமாகச் சாய்ந்துவிடும். ரவுண்டானாவில் என் கை பழைய டயருக்குத்தான் அழுத்தியது.

பாலீஷை எடுக்கப் பெட்ரோல் போட்டுத் துடைக்கச் சொல்வார்கள், டீசல் என்பார்கள், தின்னர் என்பார்கள். வேண்டவே வேண்டாம், ரப்பரைக் கெடுத்துவிடும். நான் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் துணி துவைக்கும் பிரஷ்ஷும் வைத்து மூன்று முறை தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியில் கறை ஒட்டாத வரைக்கும் துடைத்தேன். என் மனைவி டார்ச் பிடித்துக்கொண்டு, "இங்க இன்னும் மினுக்குது பாருங்க" என்று ஓரம் ஓரமாகக் காட்டினாள்.

மெக்கானிக் அண்ணன் சொன்ன ஒரு வேலையும் செய்தேன். டயர் மாட்டும்போது ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். அது காயும் முன் திடீரென்று முறுக்கினாலோ பிரேக் பிடித்தாலோ ரிம்மின்மேல் டயர் நகரலாம். வால்வுக்கு நேரே டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். மறுநாள் காலையில் கடைக்குப் போய்வந்து பார்த்தேன். கோடு வால்வுக்கு நேரேயே இருந்தது.

அப்புறம் இரண்டு வாரம் ஆபீஸ், வீடு, ஆபீஸ்தான். மழை வந்த இரண்டு நாள் பஸ்ஸில் போனேன். ஜீப்ரா கிராசிங் வெள்ளைப் பெயின்ட், மேன்ஹோல் மூடி, ஓரத்து மணல் எதன் மேலும் வண்டியைச் சாய்க்கவில்லை. சாயங்காலம் வந்ததும் டயரைப் பார்ப்பேன். மங்கலான பட்டை இரண்டு விரல் அகலத்திலிருந்து மூன்று விரலானது, நான்கானது. ஓடோமீட்டரில் 180 கூடியது.

போன ஞாயிறு வெயில். தனியாகவே கிளம்பினேன். அஸ்தம்பட்டியில் மட்டும் கை கொஞ்சம் நடுங்கியது. அடிவாரம் தாண்டி முதல் வளைவில் மெதுவாகச் சாய்த்தேன், டயர் பிடித்தது. அடுத்ததிலும் பிடித்தது. இருபதாவது வளைவு தாண்டி வண்டியை ஓரம் கட்டிக் குனிந்து பார்த்தேன். இரண்டு ஓரத்திலும் சுண்டுவிரல் அகலத்துக்கு மட்டும் பளபளப்பு மிச்சம் இருந்தது.