மதலேன் மலை வரும் வாரம்

ஜூலை 26, 2025
பெண்கள் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் தொடங்கிவிட்டது. ப்ளுமலெக் ஏற்றத்தில் பிரான்ஸின் பொலின் ஃபெராங்-ப்ரேவோ பாய்ந்தார். முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் மரியான் வோஸ் பிடித்துத் தாண்டிவிட்டார். பொலினுக்கு மூன்றாம் இடம். "இந்தப் பெண்ணுக்குத்தானே காலுக்கு ரத்தம் போகாமல் ஆபரேஷன் நடந்தது?" என்று அக்கா கேட்டாள். இவளேதான் அக்கா.

ஜூலை 27
அக்காவின் ஸ்கேன் முடிவு இன்றும் வரவில்லை.

ஜூலை 28
தூக்கம் பிடிக்கவில்லை. நள்ளிரவில் பொலின் ஜெயித்த தாபோர் வீடியோவை எடுத்து வைத்துக்கொண்டேன். 2015 ஜனவரி, செக் குடியரசு, சேற்றிலும் படிக்கட்டிலும் ஓட்டும் சைக்ளோ-கிராஸ் பந்தயத்தின் உலகப் போட்டி. தடுப்புப் பலகைக்கு முன்னால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு காலைத் தூக்கி இறங்குவார்கள். படிக்கட்டு வந்தால் கை சட்டத்துக்கு அடியில் போகும். வண்டி தோளில் ஏறும். உச்சியில் இறக்கிய நொடியில் தாவி ஏறி மிதிப்பார்கள். 33 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான டயருக்கு அனுமதி இல்லை. கடைசிப் பாய்ச்சலில் பெல்ஜியத்தின் சனா காண்ட்டை முந்தினார் பொலின். வோஸ் மூன்றாவது. முந்தைய செப்டம்பரில் பொன்ஃபெராடாவில் சாலைப் பட்டம், அந்த ஆண்டு செப்டம்பரில் அந்தோராவில் மலைப் பாதைப் பட்டம். உலக சாம்பியனுக்குத் தரும் வானவில் சட்டைகள் மூன்று ஒரே நேரத்தில் ஒருவரிடம்! அதற்கு முன் ஆணோ பெண்ணோ யாரும் செய்யாதது.

ஜூலை 30
முடிவு வந்துவிட்டது. அடைப்புதான்.

அதற்குப் பிறகு பொலினைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மலைப் பாதைப் போட்டியில் பாதியில் விலகினார். உலகத்தையே வென்ற கால் ஏன் ஓய்ந்தது? குனிந்த நிலையில் ஆண்டுக்கணக்காக இடுப்பு மடங்கி மடங்கி, காலுக்குப் போகும் தமனியின் சுவர் தடித்துவிடுகிறது. முழு பலத்தோடு மிதிக்கும்போது போதிய ரத்தம் கீழே இறங்குவதில்லை. உட்கார வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அதுதான் கொடுமை. அக்காவையும் மூட்டுத் தேய்மானம் என்று சொல்லி எத்தனை மாதம் அலையவிட்டார்கள்! 2019இல் பொலினுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதே ஆண்டு கனடாவில் மறுபடி மலைப் பாதை உலகப் பட்டம் வென்றார். ஒரு முறை போதாமல் பிறகு மீண்டும் கத்தி வைத்தார்கள். 2020இலும் வென்றார்.

அக்காவின் நோய் வேறு, காரணம் வேறு. எனக்குத் தெரியும். ஆனாலும் வாசிக்கிறேன்.

ஜூலை 31
அக்கா இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 1
மாயேவா ஸ்கிபான் அடுத்தடுத்த நாளில் தனியாக வந்து ஜெயித்தார். நாளை மதலேன் மலை. ஏற்றம் 18.6 கிலோமீட்டர், சராசரி 8.1 சதவீதம். வயிறு கலங்குகிறது.

ஆகஸ்ட் 2
போய்விட்டார் பொலின்! மதலேனில் எல்லோரையும் விட்டுவிட்டு ஏறிப் போய்விட்டார். இரண்டாவதாக வந்த சாரா ஜிகாந்தே 1 நிமிடம் 45 விநாடி பின்னால். மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டை மொரிஷியஸின் கிம் லெ கூரிடமிருந்து கைமாறியது. நான் போட்ட கூச்சலில் அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

போன கோடையில் எலான்கூரில் பாரிஸ் ஒலிம்பிக்கின் மலைப் பாதைத் தங்கம் பெற்றதால் பத்திரிகைகள் இவரை மலைப் பாதை வீராங்கனை என்றே எழுதுகின்றன. ஏப்ரலில் கற்சாலைகளில் ஓடும் பாரிஸ்-ருபே பந்தயத்தை வென்றவர் இவர். பின்சக்கரம் வழுக்கும்போது பதறாத அந்த உடம்பு சேற்றில் பழகிய உடம்பு என்று நான் அடித்துச் சொல்வேன். 2014, 2015, 2018 என்று மூன்று முறை பிரான்ஸின் சைக்ளோ-கிராஸ் சாம்பியன்.

ஆகஸ்ட் 3
கடைசி நாள் ஷாத்தெலிலும் அவரே ஜெயித்தார். மஞ்சள் சட்டையோடு, தனியாக. டெமி வொல்லரிங் மொத்தத்தில் 3 நிமிடம் 42 விநாடி பின்தங்கினார். ஆண்களில் 1985இல் பெர்னார் இனோ, பெண்களில் 1989இல் ஜானி லோங்கோ. அதன் பிறகு பிரான்ஸுக்கு டூர் பட்டம் இப்போதுதான்.

ஆகஸ்ட் 4
டூருக்காக அவர் எடையைக் குறைத்தது பற்றி எங்கும் விவாதம். இப்படியே நீடிப்பது உடம்புக்கு நல்லதல்ல என்று அவரே சொல்லியிருக்கிறார். சின்னப் பெண்கள் அதையும் கேட்க வேண்டும். எனக்குக் கவலையாக இருக்கிறது. அக்கா மதியம் தட்டைத் தொடவே இல்லை. கோபித்துக்கொண்டேன், பிறகு ஊட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 5
அட்மிஷன் போட்டாகிவிட்டது. நாளை நடக்கும் ஆபரேஷன்களில் முதலாவது அக்காவுக்குத்தான். இரவு பத்துக்கு மேல் தண்ணீர்கூடக் கூடாதாம். ஃபைலில் பழைய ஈசிஜி இல்லை. வீட்டுக்குப் போய் எடுத்து வர வேண்டும்.