நாலே நாளில் வற்றிய ஆறு

கனடாவின் யூகான் பகுதியில் ஸ்லிம்ஸ் என்று ஓர் ஆறு. காஸ்காவுல்ஷ் பனியாறு (மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரள்) உருகி வரும் தண்ணீர்தான் அதற்கு உயிர். 2016 மே மாதக் கடைசியில், நாலே நாளில் அது ஓடை மாதிரி ஆகிவிட்டது. யாரும் அணை கட்டவில்லை. வெப்பத்தால் பல பத்தாண்டுகளாகப் பின்வாங்கி வந்த பனியாற்றின் முனையில், உருகிய நீரே பனியை அறுத்துப் புது வழி போட்டது. அப்புறம் என்ன, பெரும்பகுதித் தண்ணீர் அதிகச் சரிவுள்ள பக்கம் திரும்பிவிட்டது. குளுவானி ஏரி, யூகான் ஆறு வழியாக பேரிங் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நீர், இப்போது அல்செக் ஆற்றோடு அலாஸ்கா வளைகுடாவில் கலக்கிறது. ஓர் ஆறு இன்னோர் ஆற்றின் நீரைப் பறிப்பதை இவ்வளவு வேகத்தில் மனிதர்கள் பார்ப்பது அபூர்வம்.

எனக்கென்னவோ தண்ணீரைவிட வண்டல் கதைதான் சுவாரசியம். பனியாறு நகரும்போது அடியிலுள்ள பாறையை மாவாக அரைக்கும். முன்பு அந்தத் தூளை ஆறு சுமந்துபோய் ஏரி முகப்பில் டெல்டாவாகச் சேர்த்தது. இப்போது படுகை காய்ந்து கிடக்கிறது. பள்ளத்தாக்கில் வீசும் காற்று தூளை அள்ளிக்கொண்டு போகிறது. ஆமாம், பனிப் பிரதேசத்தில் புழுதிப் புயல்! குளுவானி ஏரியின் மட்டமும் இறங்கிவிட்டது.