பெரியப்பா கேட்ட கேள்வி

டில்ட்-ரோட்டர், அதாவது இறக்கை நுனிகளில் சாயக்கூடிய சுழலிகள் கொண்ட விமானம், என்றதும் எல்லோரும் அமெரிக்க இராணுவத்தின் ஒஸ்ப்ரேயைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்திய சோதனை விமானமான எக்ஸ்வி-3. பார்க்க அழகில்லை, வேகமும் பெரிதாக இல்லை. ஆனால் ஹெலிகொப்டராக எழும்பி, ஆகாயத்திலேயே சுழலிகளை முழுதாக முன்னே சாய்த்து, விமானமாகப் பறக்கலாம் என்று முதலில் காட்டியது அதுதான்.

அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1955 ஆகஸ்டில் அதை முதன்முதலாகத் தரையிலிருந்து எழுப்பியது. அடுத்த வருஷம் ஒக்டோபரில், சுழலிகளைக் கொஞ்சம் சாய்த்திருந்த நேரத்தில் உதறல் எடுத்து விழுந்தது. விமானிக்குப் பலத்த காயம். மூன்று தகட்டுச் சுழலியைக் கைவிட்டு, இரண்டாவது விமானத்தில் இரண்டு தகட்டுச் சுழலி மாட்டினார்கள். 1958 டிசம்பர் 18ஆம் திகதி முழுச் சாய்வு கைகூடியது.

எஞ்சின் ஒன்றுதான், 450 குதிரைவலு, உடம்புக்குள் இருக்கும். அங்கிருந்து இரண்டு இறக்கை நுனிகளுக்கும் ஷாஃப்ட் ஓடும். ஹட்டன் பக்கத்துப் பழைய தேயிலை பெக்டரிகளிலும் இப்படித்தான்: ஒரு எஞ்சின், உத்தரத்தோடு நீண்ட ஷாஃப்ட், அதிலிருந்து பெல்ட்டில் ரோலர்கள். அங்கே ஃபிட்டராக இருந்த பெரியப்பாவிடம் படத்தைக் காட்டினேன். அவர் ஷாஃப்டைக் கண்டுகொள்ளவே இல்லை. இறக்கை நுனியில் சுழலியைத் தாங்கும் தூணைத் தொட்டு, "இத எதுலப்பா இறுக்கிப் புடிச்சிருக்கான்?" என்றார்.

பொறியியலாளர்களைப் பல வருஷம் அலைக்கழித்ததும் அதே கேள்விதான். வேகம் கூடும்போது சுழலியும் தூணும் சேர்ந்து வட்டமாக ஆடத் தொடங்கும். குறைந்த வேகத்தில் அந்த ஆட்டம் தானாக அடங்கிவிடும். ஒரு எல்லையைத் தாண்டினால் காற்றே அதை வளர்த்துவிடும். பிடிமானம் தளர்ந்திருந்தால் அந்த எல்லை சீக்கிரம் வரும். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில், காற்றைச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் எக்ஸ்வி-3ஐ நிறுத்தி இதையெல்லாம் அளந்தார்கள். 1966இல் அங்கேயே ஒரு சோதனையில் சேதமாகி அதன் காலம் முடிந்தது.

அந்த ஆட்டத்தை அடக்கத்தான், பெல் அடுத்துச் செய்து 1977இல் பறந்த எக்ஸ்வி-15க்குத் தடித்த, விறைப்பான இறக்கை. எஞ்சின்களும் நுனிக்கே போய்விட்டன. ஒன்று நின்றால் மற்றது இரண்டு சுழலிகளையும் சுற்றுவதற்காகக் குறுக்கு ஷாஃப்ட் மட்டும் இறக்கைக்குள் தங்கியது. 1979 ஜூலையில் அதுவும் முழுதாகச் சாய்ந்து பறந்தது. ஒஸ்ப்ரே 1989இல் முதன்முதலாகப் பறந்தது.

நம் மலைக்கு இது சரிவருமா என்று கேட்டால், ஒஸ்ப்ரே வேண்டாம் என்பேன். எடைக்குச் சுழலி சின்னது. அதனால் கீழே தள்ளும் காற்று பயங்கரம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைத் தகரம் ஒன்றும் மிஞ்சாது.