கனகரத்தினம் கமலநாதனுக்கு முன்னால் நின்ற காரணம்

புறக்கோட்டையில் உள்ள மொத்த வியாபாரக் கடை ஒன்றின் கணக்குகளை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலிருந்து அமேசானின் டைனமோடிபிக்கு மாற்றும் வேலை சென்ற மாதம் என்னிடம் வந்தது. மைஎஸ்கியூஎல்லில் வாடிக்கையாளர், பற்றுச்சீட்டு, கொடுப்பனவு என்று தனித்தனி அட்டவணைகளை வைத்துக்கொண்டு, எந்தக் கேள்வி வந்தாலும் அந்த நேரத்தில் அட்டவணைகளை இணைக்கும் ஜொயின் கட்டளையை எழுதி விடை எடுத்துவிடலாம். டைனமோடிபியில் ஜொயின் இல்லை. அதனால் கடையில் நாளாந்தம் என்னென்ன கேட்கிறார்கள் என்பதை இரண்டு நாள் அங்கேயே இருந்து எழுதிக்கொண்ட பிறகுதான் பதிவுகளைக் குழுக்களாகப் பிரிக்கும் பார்ட்டிஷன் கீயையும், ஒவ்வொரு குழுவுக்குள்ளும் அவற்றை வரிசைப்படுத்தும் சோர்ட் கீயையும் தீர்மானித்தேன்.

ஒருவருடைய பற்றுச்சீட்டுகள் அனைத்தையும் அவருடைய பதிவுக்குள்ளேயே அடுக்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு பதிவு 400 கிலோபைட்டைத் தாண்டக்கூடாது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். ஆகவே வாடிக்கையாளர் இலக்கத்தைப் பார்ட்டிஷன் கீயாக வைத்து, பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் திகதி வரிசையில் தனிப் பதிவாக்கினேன்.

நான் எதிர்பாராத சிக்கல், பெயரையே சோர்ட் கீயாக வைத்திருந்த வாடிக்கையாளர் பெயர்ப்பட்டியலில் இருந்தது. பல வருடமாகக் கடன் கொப்பி எழுதிவரும் கணக்குப்பிள்ளை ஐயா திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, கனகரத்தினம் ஏன் கமலநாதனுக்கு முன்னால நிக்கிறார்?" என்று கேட்டார்.

டைனமோடிபி சோர்ட் கீயில் உள்ள எழுத்துகளை யூடிஎஃப்-8 பைட் வரிசைப்படியே அடுக்குகிறது. எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கும் ஒருங்குறியின் (யூனிகோட்) வரிசையும் அதுவே. அதில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும் இடம்பெற்றுள்ளன. ளகரமோ ழகரத்தை முந்துகிறது. நெடுங்கணக்கிலோ மெய்வரிசை ழ, ள, ற, ன என்று முடிகிறது. வேறு வரிசைமுறையைத் தெரிவுசெய்யும் வசதியும் அங்கே இல்லை.

ஆகவே பெயரைச் சோர்ட் கீயாக வைப்பதைக் கைவிட்டு, மெய்க்கு 2 இலக்கம், அதன்மேல் ஏறிய உயிருக்கு 2 இலக்கம், புள்ளிக்கு 00 என்று ஒவ்வோர் எழுத்தையும் எண்ணாக்கி, அந்த எண்தொடரைச் சோர்ட் கீயாக்கினேன். கிரந்த எழுத்துகளை னகரத்துக்குப் பின்னால் வைத்தேன். பெயர் திருத்தப்படும் ஒவ்வொரு முறையும் அந்தத் தொடரையும் சேர்த்தே எழுத வேண்டியிருப்பது மேலதிக வேலைதான். ஆனாலும் தமிழ்ப் பெயர்களைத் தமிழ் வரிசையில் காட்டாத ஒரு பட்டியலைக் கையளிக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் ஐயா ககர வரிசையை மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்தார். கமலநாதனைக் கடந்து, வரிசையின் கடைசிக்குப் போய்க் கனகரத்தினத்தில் விரலை நிறுத்தி, அவருடைய நிலுவையைப் படிக்கத் தொடங்கினார்.