புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில்

"சிமுலேஷன்ல 99 சதவீதம் சீரா இருக்கு சார். கேமராவைத்தான் பார்க்கணும்." ஒரு லேசரைச் சதுர வலையாகப் பல புள்ளிகளாக்கும் வேலை; கேமராவில் பார்த்தால் சில ஜோடிப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கணக்கு போட்ட தம்பி இப்படிச் சொன்னதும், கேமராவில் ஒன்றுமில்லை என்று நான் சொன்னதும் இன்றும் மனதில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

லேசர் 850 நானோமீட்டர். ஒளியின் ஃபேஸை, அதாவது அலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை, பிக்சல் பிக்சலாக மாற்றும் பேனல்தான் எஸ்எல்எம்: 12.5 மைக்ரான் பிக்சல், குறுக்கே 1024, அதாவது 12.8 மிமீ. லென்ஸ் 300 மிமீ. லென்ஸின் குவியத்தில் விழும் வடிவத்தைக் கட்டம் கட்டமாகக் கணக்கிடுவது எஃப்எஃப்டி; அதன் ஒரு கட்டம் சுமார் 20 மைக்ரான். பேனலில் விழும் காஸியன் (நடுவில் பிரகாசமாகி ஓரத்தில் மங்கும்) கற்றையின் ஆரம் 4 மிமீ என்பதால் புள்ளியின் ஆரமும் ஏறக்குறைய 20 மைக்ரான்தான். வேலை கொடுத்தவர்கள் புள்ளிகளுக்கு நடுவில் கேட்ட இடைவெளி 40.

தம்பியின் கணக்கு பேனல் முழுதும் ஒரே வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டிருந்தது. அப்படியானால் ஒரு புள்ளியின் சிற்றலைகள் மற்ற எல்லாக் கட்டங்களிலும் சரியாகச் சுழியாகிவிடும்; பக்கத்து வீட்டுச் சண்டை திரையில் தெரியவே தெரியாது. உண்மைக் கற்றையைக் கொடுத்து, சுற்றிலும் சுழிகளை நிரப்பி 4096-க்கு விரித்தால் 5 மைக்ரானுக்கு ஒரு மாதிரி கிடைக்கும். சங்கதி வெளியே வந்துவிடும். 40 மைக்ரானில் இரு புள்ளிகளும் ஒரே ஃபேஸில் இருந்தால் நட்டநடுவில் உச்சத்தின் 54 சதவீத வெளிச்சம். எதிர் ஃபேஸானால் சுழி. 90 டிகிரி என்றால் 27. பேனலில் போட வேண்டிய வடிவத்தைத் தேடும் கெர்ச்பெர்க்–சாக்ஸ்டன் அல்காரிதமோ புள்ளிகளின் ஃபேஸை இஷ்டத்துக்கு விட்டுவிடும். அதனால்தான் சில ஜோடிகள் ஒட்டிக்கொண்டும் சில விலகியும் தெரிந்தன. உச்சங்களும் தப்பவில்லை: நான்கு பக்கத்துப் புள்ளிகளும் சேர்ந்தால் 15 சதவீதம் வரை ஏறி இறங்கும்.

ஃபேஸைக் கட்டிவைக்கலாமே என்றார் தம்பி. வைக்கலாம். ஆனால் அல்காரிதத்துக்கு இருக்கும் சுதந்திரமே அதுதான். சதுர வலையில் ஒழுங்காக 0, 90 என்று மாற்றி மாற்றி வைத்தால் பேனலில் தேவைப்படும் வீச்சு ஓரிரு இடங்களில் குவிந்துவிடும். ஃபேஸை மட்டும் மாற்றத் தெரிந்த பேனல் அதை எப்படிக் கொடுக்கும்? மிச்ச ஒளி, கேட்காத இடங்களில் பேய்ப்புள்ளிகளாக வெளியே போகும். பேனலை இரண்டாகப் பிரித்து ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு போலரைசேஷனில் (ஒளி அதிரும் திசையில்) அனுப்பினால் குறுக்கீடு இல்லை. ஆனால் பாதிப் பேனலில் புள்ளி அந்தத் திசையில் இருமடங்கு தடிக்கும். பின்னால் லென்ஸ் வைத்துச் சுருக்கினாலோ புள்ளியும் இடைவெளியும் சேர்ந்தே சுருங்கும், விகிதம் மாறாது.

ஆக, 60 மைக்ரான் என்று எழுதிக் கொடுத்தோம். நடுவெளிச்சம் அதிகபட்சம் 4.4 சதவீதம், உச்சங்களில் பாதிப்பு கிட்டத்தட்ட இல்லை. கேட்டவர்களுக்கு அது போதவில்லை. தப்பான முடிவு என்று இப்போதும் சொல்லமாட்டேன்.

கடைசியாகத் தம்பி 50 என்று ஒரு கணக்கு கொண்டுவந்தார். அது இரண்டரைக் கட்டம். விரிக்காத எஃப்எஃப்டியில் வைக்கவே இடமில்லை. நடுவெளிச்சம் அதிகபட்சம் 17.6 சதவீதம், உச்சங்களின் ஏற்ற இறக்கம் மோசமானால் ஒன்றரை சதவீதம். ஒன்றரையைக் கேமராவில் அளந்து, கணக்கில் ஒவ்வொரு புள்ளிக்கும் தரும் எடைகளைத் திருத்தியே சரிக்கட்டலாம். 17.6-ஐ அவர்கள் பொறுத்துக்கொண்டிருப்பார்களா என்பது வேறு. அதை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.